நல்ல நேரம் தாண்டிய ஆயுத பூஜை

மூன்று வருடங்களுக்கு முன், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பஸ் நிறுவனத்தில் மேலாளராகச் சேர்ந்தேன். சிறுசேரி ஐ.டி. அலுவலகங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. அங்கே டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஏழாம் பொருத்தம். வண்டி வழியில் நின்றால் போதும், ஆளுக்கு ஆள் பழி போடுவார்கள். வெறுத்துப்போன முதலாளி, தீபாவளிக்குள் நிலைமை மாறாவிட்டால் பழுது பார்ப்பதை வெளியே கொடுத்துவிட்டு மெக்கானிக்குகளை அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

நான் அசரவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு மெக்கானிக். நல்ல பெயரோ கெட்ட பெயரோ இருவருக்கும் சேர்த்துத்தான் என்று புதிய ஏற்பாடு செய்தேன். கூட்டம் போட்டேன், பயிற்சி வைத்தேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, வெளியே போய்ப் பழையபடி முறைத்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக முன்வாசலில் டிரைவர்களுக்கு ஒரு பூஜை, ஷெட்டின் பின்பக்கம் மெக்கானிக்குகளுக்கு ஒரு பூஜை. இந்த வருஷம் ஒரே பூஜைதான் என்று கறாராகச் சொன்னேன். வந்தார்கள். ஆனால் சண்டை போட்ட சம்பந்திகள் போல இரண்டு பக்கமாக நின்றார்கள்.

சூடம் ஏற்றப்போகும் நேரத்தில் போன். காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டி நெம்மேலியில் நின்றுவிட்டது. போச்சு, இனி சண்டைதான் என்று நினைத்தேன். அந்த வண்டிக்குப் பொறுப்பான மெக்கானிக் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு, புது வேட்டியோடு பைக்கில் கிளம்பினார்.

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டேன். டிரைவர்களில் மூத்தவர், கூட்டத்தில் என்னை அதிகம் எதிர்த்தவர், சூடத் தட்டைக் கீழே வைத்தார்.

"நல்ல நேரம் போனா போவட்டும் மேடம். நம்ம ஆளு அங்க வண்டியாண்ட வேர்த்துகினு கீறாரு. ரெண்டு பேரும் வரட்டும்."

மெக்கானிக்கை ஒரு டிரைவர் 'நம்ம ஆளு' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். எதிர்ப்பக்கம் நின்றவர்களும் அவரையே பார்த்தார்கள். நல்ல நேரம் போயே போய்விட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. டீ வந்தது, வாங்கிக் குடிக்கும்போதே இரண்டு பக்கமும் கலந்துவிட்டது.

கடைசியில் வண்டி உள்ளே நுழைந்தது. டிரைவர் பக்கத்தில், கிரீஸ் அப்பிய வேட்டியோடு மெக்கானிக். இருவரும் சேர்ந்துதான் பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜோடி ஜோடியாக வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியே கொடுக்கும் பேச்சை முதலாளி விட்டுவிட்டார். அந்தத் தீபாவளிக்கு மெக்கானிக்குகள் அத்தனை பேரும் வேலையில் இருந்தார்கள்.

மாற்றத்துக்குத் திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது பலித்ததா என்று தெரிந்துகொள்ள இன்றும் நான் முதலில் பார்ப்பது, அங்கே யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.