காஞ்சொறி அரிக்காத குப்பன்

புதூர்நாட்டு மலையில் குப்பனைத் தெரியாதவர் கிடையாது. காஞ்சொறி இலை பட்டால் மாடே துள்ளிக்கொண்டு ஓடும். குப்பனுக்கு மட்டும் அரிக்காது. காளியம்மன் கொடுத்த வரமாம். சாமை விதைப்புக்கு முன்னால் வீட்டுக்கு வீடு அவனைக் கூப்பிடுவார்கள். வேலியோரம் மண்டிக் கிடப்பதை வெறுங்கையால் வேரோடு பிடுங்கிப் போடுவான். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

வரமாவது மண்ணாங்கட்டியாவது! பன்னிரண்டு வயதில், அம்மன் திருவிழாவன்று, காஞ்சொறிப் புதரில் தவறி விழுந்தான். பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான், அழவுமில்லை, சொறியவுமில்லை. பக்கத்தில் நின்ற பூசாரி, "அம்மன் இவன் மேல எறங்கிட்டாடா!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பூசாரி சொன்ன பிறகு ஒரு பொடியன் மறுத்துப் பேச முடியுமா? அன்று பிடித்தது சனி. இருபத்தாறு வருஷமாக, வேலை முடிந்ததும் ஆளில்லாத ஓடைக்கு ஓடுவான். கையெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டு, "ஐயோ, அம்மா!" என்று குதிப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் சம்பூர்ணத்தின் மேல் அவனுக்கு மனசு போயிற்று. முறைப்பெண்தான். புருஷன் இறந்து மூன்று வருஷம். மலையில் மறுதாலி கட்டுவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. தங்கை குப்பம்மாளைத் தூது அனுப்பினான். "மொதல்ல வந்து தோட்டத்தச் சுத்தம் பண்ணட்டும். ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தது.

குப்பன் பறந்து போனான். அவரைப் பந்தலைச் சுற்றியிருந்த காஞ்சொறியை ஒரு செடி விடாமல் பிடுங்கினான். வேடிக்கை பார்க்க வேலிக்கு வெளியே பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வேலை முடிந்து ஓடைக்கு நழுவப் பார்த்தபோது சம்பூர்ணம் கூழ்ச் சட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"எரியுதா மாமா?"

"எனக்கா? ஒண்ணுமில்ல புள்ள."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எம் புருஷனும் இதத்தான் சொன்னாரு. ரத்தமா இருமிக்கினே ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னாரு. ஜீப்பு புடிச்சி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறதுக்குள்ள பூட்டாரு. இன்னொருத்தர்கிட்ட அந்தப் பேச்சக் கேக்க எனக்குத் தெம்பில்ல. கூழக் குடிச்சிட்டுப் போய்ட்டு வாங்க."

குப்பன் கூழைத் தொடவில்லை. எழுந்து படல் வரை நடந்தான். வெளியே பத்துப் பேர். வாயைத் திறந்தால் இருபத்தாறு வருஷத்துப் பேர் போச்சு. மூடிக்கொண்டு போனால் சம்பூர்ணம் போச்சு. இரண்டு கையும் வேறு தீயாக எரிந்தது. பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்பான்!

"எரியுது புள்ள!" என்று திரும்பிக் கத்தினான். "உசுரு போவுது! சின்ன வயசுலேர்ந்து எரியுது!"

கத்திக்கொண்டே பறட் பறட்டென்று சொறிந்தான், குதித்தான். வெளியே ஒரே சிரிப்பு. "அடப்பாவி, அம்மன் பேரச் சொல்லி ஊரயே ஏமாத்திட்டியே!" என்றார் ஒருவர்.

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பச்சைச் சாணியை அள்ளி வந்தாள். அவன் கையை இழுத்து வைத்துப் பூசினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னா மனுசன்யா நீ! இத்தினி வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்தியா?"

"எரியுதான்னு யாரும் கேக்கலியே புள்ள" என்றான் குப்பன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது.