பத்து நிமிஷம் முந்திய சர்வர்

சஜ்ஜாத்துக்குக் கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அவர் நடத்திய பிரவுசிங் சென்டர்தான். எல்லார் கையிலும் போன் வந்ததும் அது படுத்துவிட்டது. நல்லவேளை, அதே ஊர் விடுதிப் பள்ளி ஒன்றில் சர்வர் அறைக்கு ஆள் கேட்டார்கள். பதினோரு வருஷமாக அங்கேதான். குரங்கு கடித்த கேபிளை ஒட்டுவார், கரண்டு போனால் யுபிஎஸ்ஸுக்குக் காவல் இருப்பார், பிரின்சிபால் மறந்துபோகும் பாஸ்வேர்டை மாதம் இரண்டு தரம் மாற்றிக் கொடுப்பார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை வராது. "பேசாம இருக்கறதுக்கும் சேத்துத்தான் உங்கள வேலைக்கு வச்சிருக்காகளா?" என்று மனைவி அல்மாஸ் கேட்பாள். அதற்கும் பேசமாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் அங்கே நிர்வாக அதிகாரியாக வந்தவர் செல்வமுருகன். வந்த வாரமே அவர் செய்த மகத்தான சீர்திருத்தம், பள்ளியின் எல்லாக் கடிகாரங்களையும் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தது. ஊழியர்கள் நேரத்துக்கு வருவார்களாம். ஒரு வாரம் வந்தார்கள். பிறகு அவரவர் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு பழையபடி வந்தார்கள். இது தெரியாத ஒரே ஆள் செல்வமுருகன்.

போன மழையில் சர்வர் ஒரு நாள் முழுக்க ஓடாமல் கிடந்துவிட்டதால், துணைக்கு இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் வைக்க முடிவானது. உள்ளே வருகிறவன் யார் என்று பார்த்து அனுமதி கொடுக்கிற மெஷின் அது. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். சஜ்ஜாத்தே ஒரு மதியத்தில் முடித்திருப்பார். செல்வமுருகனுக்கோ டை கட்டிய ஆள் வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை சஜ்ஜாத் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்து, ஏரியில் படகும் விட்டு, மலை இறங்கினார்கள்.

திங்கட்கிழமை மெயில் கொஞ்ச நேரம் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது. மதியத்துக்கு மேல் நின்றதே அதிகம்.

"என்ன பாய், என்னத்தக் கிண்டி வச்சீங்க?" என்றார் செல்வமுருகன்.

"நான் தொடலை சார்."

"பின்ன பேயா தொட்டுச்சு? அஞ்சு மணிக்குள்ள மெயில் வரணும். வரலைன்னா நாளையிலருந்து கோயம்புத்தூர்க்காரங்க பாத்துக்குவாங்க. நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"புது மெஷினை மட்டும் நிறுத்திப் பாக்கட்டுமா சார்?"

"அணைச்சு வைக்கவா வாங்குனோம்?"

நாற்பத்தாறு வயதில், மலைமேல் இன்னொரு சர்வர் அறை சஜ்ஜாத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினார். முகவரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பழைய மெஷினிடம் மெயில் சர்வர் அனுமதி கேட்டால் கிடைத்தது, புதியதிடம் கேட்டால் மறுப்புத்தான். ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

கூக்கால் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து கூட்டிப் பெருக்கும் பொன்னுத்தாய் துடைப்பத்துடன் எட்டிப் பார்த்தாள்.

"மணி என்னக்கா?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பஸ்சு டைமாங்க, ஆபீசரு டைமாங்க?"

"ரெண்டையும் சொல்லுங்க."

"பஸ்சுக்கு நாலே முக்கா. ஆபீசருக்கு அஞ்சடிக்க அஞ்சு நிமிசம். வெரசா சோலிய முடிங்க."

சஜ்ஜாத்தின் கை நின்றது. பழைய மெஷினின் மூலையில் 4.45. புதியதில் 4.55. மூன்று வருஷமாகப் பத்தைக் கழித்தே பழகிய கண். காலையிலிருந்து எத்தனை தரம் பார்த்தும் உறைக்கவில்லை. இரண்டு மெஷினுக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அனுமதி செல்லாது. தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியையும் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை இங்க யாருக்கா நின்னா?"

"ஆபீசருதான். 'நம்ம கடியாரத்தப் பாத்து வைங்கப்பா, அது தன்னால மாறக்கூடாது'ன்னாரு. பயலுகளும் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு வச்சானுக. டை மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

நேரத்தைச் சரிசெய்து இரண்டையும் மறுபடி ஓடவிட்டார். 4.56க்கு மெயில்கள் கொட்டத் தொடங்கின. அவற்றில் நான்கு, பள்ளியின் அறங்காவலர் சென்னையிலிருந்து அனுப்பியவை. காலையிலிருந்து ஏன் பதில் இல்லை, காரணம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

செல்வமுருகன் உள்ளே வந்தார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சு ஆறு. டைம் முடிஞ்சிருச்சு பாய்."

"மெஷின்லயும் அந்த டைமே ஓடிருந்தா மெயில் வந்திருக்காது சார்," என்றார் சஜ்ஜாத். "வந்திருக்கு. அப்ப மணி நாலு அம்பத்தாறு." பதினோரு வருஷத்தில் அவர் அங்கே பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

செல்வமுருகன் திரையைப் பார்த்தார், புதிய மெஷினைப் பார்த்தார், வாசலில் நின்ற பொன்னுத்தாயை முறைத்தார். பிறகு குரலை இறக்கி, "இந்தக் கடியார விஷயத்த எழுதணுமா பாய்?"

"காரணம் கேட்டிருக்காங்களே சார்."

அறங்காவலருக்கு மூன்றே வரி. வெள்ளிக்கிழமை புதிய மெஷினில் கையால் நேரம் வைத்தது, யார் சொல்லி வைத்தது, எத்தனை நிமிஷம் முன்னால் வைத்தது. செல்வமுருகனுக்கும் ஒரு நகல் போட்டு அனுப்பினார். அனுப்பிய நேரம் சரியாக ஐந்து மணி.

மறுநாளும் சஜ்ஜாத் வேலைக்குப் போனார். கோயம்புத்தூர் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடுகிறது. அதைத் திருத்தினால் செல்வமுருகன் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா?