நாட்டுச் செடிகளும் மூக்கையாவின் ஊரும்

கண்டிப் பக்கம் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழை உண்டு, கொஞ்சம் குறைந்த மழை உண்டு. இருந்தும் 1969 சித்திரையில், கலஹாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அது வந்தே தீர்ந்தது. லண்டனில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த துரைசாணி, அதாவது தோட்டத் துரையின் மனைவி, பெட்டியோடு பெட்டியாக அதையும் கொண்டுவந்திருந்தார்.

"மூக்கையா, ரோசா, டேலியா எல்லாம் வெள்ளைக்காரன் செடி. புடுங்கிப் போடு. இந்த வருசம் வசந்தப் பூந்தோட்டப் போட்டிக்கு நம்ம நாட்டுச் செடி மட்டும்தான்."

பங்களாப் பூந்தோட்டத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர் மூக்கையா. தான் வளர்த்த ரோசாக்களை ஒரே காலையில் பிடுங்கினார். பிறகு ஹந்தானைக் காட்டில் ஏறி இறங்கி நாகமரக் கன்று, ஊதாப் பூப் பூக்கும் பினரச் செடி என்று சாக்குச் சாக்காகச் சுமந்தார். எதற்கு எவ்வளவு நிழல் வேண்டுமென்று அவருக்குத் தெரியும். துரைசாணிக்கு லத்தீன் பெயர்கள் தெரியும். ஆக, தோட்டம் துரைசாணியுடையது.

மூக்கையாவுக்கு வேண்டியது ஒன்றுதான். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அவரும் அவருடைய அப்பாவும் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். உரிமை கிடைக்காவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல். இங்கேயே பிறந்தவர் என்று துரைசாணி ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார், போட்டி முடிந்ததும்.

"ரோசாவுக்கே எடம் குடுக்கல, நமக்குக் கடுதாசி குடுக்கப் போறாங்களாக்கும்!" என்றாள் மனைவி சுப்பம்மா.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு புள்ள."

நடுவர்கள் மூவர் வந்தார்கள். அதில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர்கிட் வளர்ப்பவர். மற்ற நாட்களில் பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கிற அதிகாரி. இது மூக்கையாவுக்குத் தெரியாது.

"அருமையான வேலை. உங்க ஊர் எது?" என்று அவர் மூக்கையாவிடம் கேட்டார்.

மலைநாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பெண் கேட்கப் போனாலும், சாவு வீட்டுக்குப் போனாலும், பாட்டன் இந்தியாவில் விட்டுவந்த ஊரைச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் நாதியற்றவன் என்று சிரிப்பார்கள். பெரிய மனிதர் மரியாதையாகக் கேட்கிறாரே என்று மூக்கையா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"துறையூருங்க ஐயா. திருச்சிப் பக்கம்."

முதற்பரிசு துரைசாணிக்குக் கிடைத்தது. மூன்று மாதத்தில் மூக்கையாவுக்கும் ஒன்று வந்தது: தமது ஊர் இந்தியாவில் உள்ளதென விண்ணப்பதாரியே கூறியிருப்பதால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"அடடா, அந்தக் கடிதத்த நானும் மறந்துட்டேனே," என்றார் துரைசாணி. வருத்தம் உண்மையானது. நல்ல தோட்டக்காரன் கிடைப்பது லேசா?

புறப்படும் முன் மூக்கையா ஒரு பினரக் கன்று கேட்டார்.

"வேணாம் மூக்கையா. இந்த மண்ணுல பொறந்தது. அங்க கொண்டு போனா செத்துப் போகும்."

அவருக்குச் செடிகள் மேல் அவ்வளவு பாசம்.

கப்பலேறப் போகும் தலைமன்னார் ரயிலில் சுப்பம்மா மெல்லக் கேட்டாள்: "நம்ம ஊரு எப்படிங்க இருக்கும்?"

"யாராச்சும் பாத்தவங்ககிட்ட கேளு," என்றார் மூக்கையா.