வயரை யாரும் பிடுங்கவில்லை

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் கழித்துப்போட்ட பலகையை அறுத்து, என் கையாலேயே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தேன். அவற்றை வைத்து எங்கள் ஊர் கோலா கெத்திலில் ஒரு சவுண்டு சர்வீஸ் தொடங்கினேன். அதிலிருந்து கடை, கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஸ்டோர், இரண்டு லோரி, மூன்று பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒரு கல் வீடு. இத்தனைக்கும் நான் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. கரண்டு வேலையை ஷாக் அடித்து அடித்துத்தான் படித்தேன். பட்டியலில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து அடித்த ஒரு த்ராஷ் மெட்டல் பேண்டு. அதையும் நான்தான் கட்டினேன்.

"அடிச்சது அவனுங்க. நீங்க பிளக்குதானே சொருகுனீங்க?" என்பாள் என் மனைவி.

பிளக்கு சொருகாமல் அடித்துப் பார்த்திருக்கட்டுமே.

அவர்கள் என் ஸ்டோரைப் பயிற்சிக்குக் கேட்டு வந்தபோது நாலு பேருக்கும் இருபது வயதுதான் இருக்கும். பாடுகிறவனும் கித்தார் வாசிக்கிறவனும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயத்தில் பக்கத்து பக்கத்து வீடு, இருவரின் அம்மாக்களும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். டிரம்ஸ்காரன் கோயில் திருவிழாவில் உறுமி அடித்தவன். நாலாமவன் மாதா கோயில் பாட்டுக்குழுவில் பேஸ் கித்தார் பழகியவன். நாலு பேருக்கும் முதுகு வரை முடி, நாலு பேருக்கும் கறுப்புச் சட்டை.

"நாங்க அண்டர்கிரவுண்டு பேண்டுண்ணே" என்றான் பாடுகிறவன்.

"ஏன்டா, போலீஸ் தேடுதா?"

"இல்லண்ணே! ரேடியோவுல போட மாட்டாங்க, கடையில விக்க மாட்டாங்க, அதான்."

"அப்ப யாருக்குடா அடிக்கிறீங்க?"

"எங்களுக்குத்தாண்ணே."

இந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. சாவியைக் கொடுத்தேன்.

முதல் நாள் அவர்கள் ஆரம்பித்த பத்தாவது விநாடியில் நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வாழ்நாள் முழுக்க என் தொழில் ஒன்றே ஒன்றுதான்: சத்தம் கிழியாமல் பார்த்துக்கொள்வது. கல்யாண வீட்டிலும் சரி, சாவு வீட்டிலும் சரி, என் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது கரகரப்பு இல்லை, தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி இருந்தது.

"டேய், ஸ்பீக்கர் கிழியுதுடா!"

கித்தார்க்காரன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "அண்ணே, அது கிழியணும்ண்ணே. கிழிஞ்சாத்தான் மெட்டலு."

அப்படியென்றால் ஒழுங்காகவே கிழியட்டும் என்று, எலி கடித்து மூலையில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கரைத் தூக்கி வந்து மாட்டினேன். அவன் ஒருமுறை கம்பியை இழுத்தான். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த எலி கடித்த ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்து, என் மிக்சரில் பதிந்ததுதான் அவர்களுடைய ஒரே கேசட். அது சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்கு வரைக்கும் கைக்குக் கை போனது. "இந்தக் கித்தார் சத்தம் எப்படிடா வந்துச்சு?" என்று கேட்காதவன் இல்லை. எலியைப் பற்றி அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை.

பாட்டு எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஒருநாள் கேட்டே விட்டேன். "பெரட்டுதாண்ணே" என்றான் பாடுகிறவன். விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டு. வராதவர்களின் பெயரைத்தான் அவன் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் அப்பா அந்த வரிசையில் முப்பது வருஷம் நின்றவர். அன்றிலிருந்து அவர்கள் எங்கே வாசித்தாலும் என் லோரியும் போனது.

செர்டாங் மண்டபத்தில் நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். முன்வரிசையில் இருபது முப்பது பையன்கள் முடியை விரித்துப்போட்டுத் தலையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சர்பத்து விற்கிற தண்ணிக்கடை போட்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ, இத்தனை பேருக்கா சாமி வந்துருச்சு!" என்று ஓடிப்போய்த் திருநீறு கொண்டுவந்து ஒவ்வொருத்தன் நெற்றியிலும் பூச ஆரம்பித்தார். ஒரு பையன்கூட மறுக்கவில்லை. தலையை நிறுத்தி, குனிந்து, வாங்கிக்கொண்டு, மறுபடியும் சுழற்றினார்கள். மேடையிலிருந்தவர்களும் இறங்கி வந்து பூசிக்கொண்டு போனார்கள். மாதா கோயில் பையனுக்கும் சேர்த்துத்தான் பூசினார்.

கோத்தா கோலா மூடாவில் மீன்காரர்களுக்கு முன்னால் வாசித்தார்கள். அலோர் ஸ்டார் போனோம், ஈப்போ வரைக்கும் போனோம். இப்படி ஐந்து வருஷம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு பாடுகிறவனுக்கும் கித்தார்க்காரனுக்கும் சத்தத்தில் தகராறு. கித்தார்க்காரன் சத்தத்தைக் கூட்டுவான், பாடுகிறவன் குரல் கேட்காது. "இன்னொரு தடவை கூட்டுன, மேடையிலயே உன் வயரப் புடுங்கிருவேன்" என்று பாடுகிறவன் என் கண் முன்னாலேயே சொன்னான். சும்மா சொன்னதுதான்.

அடுத்த வாரம் சுங்கை பட்டாணியில் ஒரு மண்டபத்தில் சாயங்கால நிகழ்ச்சி. கித்தார்க்காரனின் சொந்த ஆம்ப்ளிஃபையர் புகைந்துபோயிருந்ததால் அவன் கித்தாரை நேராக என் மிக்சரிலேயே மாட்டியிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே பள்ளிவாசல். நாலரை மணி வாக்கில் பாங்கு ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் பாங்கு சொல்லும்போது சவுண்டை இறக்கிவிட வேண்டும். யாரும் உத்தரவு போட்டதில்லை, அது மரியாதை. கல்யாணமோ திருவிழாவோ, மைக்கில் பேசுகிறவர் தானாக நிறுத்திவிடுவார். என் கையும் அன்றைக்குத் தானாகவே போய், மொத்தச் சத்தத்தையும் அடக்குகிற மாஸ்டரை இறக்கியது. பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர்களோடு போன மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் கடைசி பாங்குக்குப் பிறகு ராத்திரியில் நடந்தவை, அந்தத் தேவை வந்ததே இல்லை.

கித்தார் மட்டும் வாசிக்கிற இடம் அது. கித்தார் செத்தது. அவன் திரும்பிப் பார்க்கிறான். பாடுகிறவன் வயர் கிடக்கிற இடத்தில் குனிந்திருக்கிறான். தண்ணீர் போத்தல் எடுக்கத்தான் குனிந்தான். வாசிப்பை நிறுத்தச் சொல்லி நான் கையைக் காட்டிக்கொண்டே மேடைப் பக்கம் ஓடினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். புரண்டதில் வயரும் பிடுங்கிக்கொண்டது. பாங்கு முடிந்து நான் மாஸ்டரை ஏற்றியபோது கித்தார்க்காரனின் மோட்டார் வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது. பேண்டு அத்தோடு முடிந்தது.

நான் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? நாளைக்குச் சொல்லலாம், கோபம் தணியட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு, ஊரெல்லாம் 'அண்ணன் சவுண்டு நடுவில் நின்றதே இல்லை' என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பேண்டு உடைந்ததே அதனால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தள்ளிப்போட்ட உண்மை துருப்பிடித்த நட்டு மாதிரி. பிறகு எந்த ஸ்பேனருக்கும் அசையாது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன மாதம் பாடுகிறவன் வீட்டுக்கு வந்தான். இப்போது தொழிற்சாலையில் சூப்பர்வைசர், தலையில் முடி இல்லை. வெளிநாட்டில் யாரோ அந்தக் கேசட்டைக் கேட்டு, மறுபடி வெளியிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்களாம். நாலு பேரும் ஒரு மேடையாவது ஏறினால் நன்றாக இருக்கும் என்று டிரம்ஸ்காரனும் பேஸ்காரனும் ஒத்துக்கொண்டார்களாம்.

"அவன்?" என்றேன்.

"அவன் வரமாட்டாண்ணே. இன்னும் நாந்தான் வயரப் புடுங்குனேங்கிறான். நானும் ஆள் விட்டு எத்தனை சத்தியம்தான் பண்றது?"

எனக்கு எழுபது நெருங்குகிறது. இப்போது வாயை மூடிக்கொண்டால் அந்த நாலு பேரும் சேராமலே போய்விடுவார்கள் என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். பாங்கிலிருந்து தெருமுனை வரைக்கும், ஒன்று விடாமல்.

அவன் அங்கேயே போனை எடுத்து கித்தார்க்காரனைக் கூப்பிட்டு, "டேய், அண்ணன் பேசணுமாம்" என்று என் கையில் திணித்தான். மறுபடி முழுவதையும் சொன்னேன்.

"அண்ணே."

"சொல்லுப்பா."

"அந்த மொட்டையன்கிட்ட இருபது வருஷமா தீபாவளிக்குக்கூட பேசல, தெரியுமா? அவங்க அம்மா சாவுக்கு வந்து ரோட்டுலயே நின்னுட்டுப் போனேன்."

"என் தப்புதான்யா."

"ஒங்க தப்புதான்லா!" என்று கத்தினான். பிறகு, "சனிக்கிழமை ஸ்டோரு தொறந்திருக்குமா?" என்றான்.

சனிக்கிழமை வந்தான். வாசித்துப் பார்த்தார்கள். விரல் இன்னும் பழைய வேகத்துக்கு வரவில்லை, இரண்டு பேருக்கு முதுகுவலி. மேடை ஏறுவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஒரே பாயில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார்கள்.

அன்றைக்கு பாடுகிறவன் மறுபடி வரப்போகிற கேசட்டின் புது அட்டையில் போடப்போகிற எழுத்தைக் காட்டினான். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். படம் எடுத்தவன் பெயர், கேசட் நகல் எடுத்தவன் பெயர், திருநீறு பூசிய அக்காவுக்குக்கூட நன்றி. கடைசி வரியில், 'சவுண்டு அண்ணனுக்கு நன்றி.' அவ்வளவுதான்.

"பாங்கு சமாச்சாரத்தப் போடலண்ணே. ஒங்களுக்கு அசிங்கம்லா" என்றான், எனக்கு நல்லது செய்கிற மாதிரி.

தம்பிகளா, இதை நாலு பேரும் படிப்பீர்கள் என்றுதான் என் பிள்ளையிடம் சொல்லி எழுதவைக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். என் முழுப் பெயரையும் என் அப்பா பெயரோடு போடுங்கள். இடம் கொடுத்தது, பதிந்தது, லோரியில் ஏற்றிக்கொண்டு போனது நான். பாங்கு நேரத்தில் சவுண்டை இறக்கி உங்களை உடைத்ததும் நான்தான், அதையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும். நல்லதை மட்டும் போட்டால் அந்த அட்டையில் எனக்குப் பெயரே வேண்டாம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், காத்திருங்கள்.