ஏரிப் பக்கத்து ஆட்டக்காரி

என்னிடம் பயிற்சி பெறும் பெண் உதைத்த பந்து மழைத்தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. பல வருடம் மாநிலக் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஓடிய எனக்கு, அந்தச் சத்தம் கேட்டதும் நான் வளர்ந்த பழவேற்காடு நினைவுக்கு வந்துவிட்டது.

சிறுவயதில் அங்கே டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஆடுவோம். மைதானத்தின் வலது எல்லை ஏரிதான். பந்து தண்ணீருக்குள் போனால் உதைத்தவரே சேற்றில் இறங்கி எடுக்க வேண்டும். பையன்கள் யாரும் அந்தப் பக்கம் நிற்கமாட்டார்கள். ஒரே பெண்ணான என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். நனையப் பிடிக்காமல், பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓடப் பழகினேன்.

பக்கத்து ஊரான தோணிரேவுப் பையன்களோடு மோதிய அன்று, நைனா என்னைத் தேடி வந்தார்.

"வூட்ல எறா உரிக்க ஆளில்ல, இங்க இன்னா ஆட்டம்? வா."

அதற்குள் பந்து என்னிடம் வந்துவிட்டது. கரையோரமாகவே ஓடி, இரண்டு பேரைத் தாண்டி, நடுவில் தூக்கிப் போட்டேன். அண்ணன் தலையால் முட்டிக் கோலாக்கினான்.



"சரி, நீ ஆடு. எறாவ நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நைனா போய்விட்டார்.

வீட்டுக்குப் போனபோது, இறாலின் பாதிச் சதையை ஓட்டோடு பிய்த்துப் போட்டதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எத்தினி கோலு?" என்றார்.

என் அணி ஆடும் நாளெல்லாம் இன்றும் போனில் அதைத்தான் முதலில் கேட்கிறார்.