சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

மூன்று வருஷமாக எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஓடாத கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தபிறகு அதை எடுக்க ஆளில்லை. எலிகள் வயர்களைக் கடித்துக் குதறிவிட்டன. செம்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இவர் தினமும் நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் தலைபாடாக அடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் மேடு பள்ளமில்லாமல் நிழலாக இருப்பது அந்தப் போர்ட்டிகோ மட்டும்தான். கார் போனால் இவர் நடப்பார், இவர் நடந்தால் என் முதுகு தப்பிக்கும் என்று காயலான் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். இவர் பிடி கொடுக்கவில்லை. காலையில் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் டிரைவர் சீட்டில் உட்காரவைக்க வேண்டும். பேப்பர் அங்கே, காப்பி அங்கே. கால் சரியானதும் வண்டியையும் சரிபண்ணிக்கொள்ளலாம் என்பார். காரைத் துடைப்பதும் இவரைத் துடைப்பதும் என் தலையில். எனக்கு அலுத்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காருக்குச் சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைப்பேன். வண்டி நகராததால் அவை நசுங்காமல் அங்கேயே காய்ந்து கிடக்கும். இந்த வருஷம் இவர் விடவில்லை.

"வண்டி ஏறாம என்ன பூச? பாயைக் கூப்புடு" என்றார்.

எதிர்வீட்டு பாய் தன் தம்பியோடு வந்து டயர்களுக்குக் காற்றடித்தார். இவர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மூவரும் பின்னாலிருந்து தள்ளினோம். பழங்கள் நசுங்கின. வாசல் சரிவு வந்ததும் வண்டி எங்கள் கையை விட்டு நழுவியது.

"பிரேக்கப் புடிங்க" என்று கத்தினேன்.

வண்டி தெருவைக் கடந்து பாய் வீட்டு மதிலில் முட்டி நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அடி ஒன்றும் இல்லை. தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதிக்கணும்னுதான் நெனச்சேன். கால் போகல."

"செவுரு தானே, விடுங்கண்ணே" என்றார் பாய். "செத்த நேரம் இருங்க, உள்ள தள்ளிருவோம்."

"வேணாம் பாய். இங்கனயே ஓரமா நிக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "அந்தக் கடக்காரர வரச் சொல்லு."

மூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்தபோது, பிறகு பார்ப்போம் என்றேன். நாளைக்கே வரச் சொல் என்றார்.

மறுநாள் காரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் வெளியே வரவில்லை. சாயங்காலம் போர்ட்டிகோவைக் கழுவிவிட்டுக் கூப்பிட்டேன். மறுபேச்சு இல்லாமல் வந்தார். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கார் நின்ற இடத்தில் கால் படாமல் ஓரமாகவே நடந்தார், அது இன்னும் அங்கே நிற்பதுபோல.

"நடுவுல வாங்களேன். அம்புட்டு எடம் கெடக்குதுல்ல?"

"வாரேன், வாரேன்" என்றார். வரவில்லை. நானும் அவர் பின்னாலேயே ஓரமாக நடந்தேன்.