திருவிருந்தில் சித்தப்பாவுக்கு இடமில்லை

அப்பா மேல் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது, மிராசுதார் வீட்டில் அவர் காபி குடித்துவிட்டு வந்த அன்றுதான். கூலி நெல்லை உயர்த்தச் சொல்லி ஊரே அறுவடைக்கு இறங்காமல் இருந்தது. முன்னால் நின்று செங்கொடி பிடித்தவர் சித்தப்பா; போலீஸ் தேடியதால் இருட்டிய பிறகே வீட்டுக்கு வந்துபோவார். திருவிடைமருதூருக்குக் கிழக்கே எங்கள் சின்னச் சபைக்கு அப்பா போதகர். மனுஷன் விலைபோய்விட்டார் என்று தெரு முணுமுணுத்தது. மகளான நானும் நம்பினேன்.

எங்கள் சபைக்கு மூலபோதகர், ஜெனீவாவில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரர். ஆட்சி எவ்வளவு கொடியதானாலும் தனி மனிதன் எதிர்க்கக் கூடாது, ஜனங்களுக்காக நிற்கும் சின்ன அதிகாரிகளே தட்டிக் கேட்கலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருக்கென்ன, குறுவையா அறுத்தார்? அதை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் சாப்பாட்டு வேளையில் மல்லுக்கு நிற்பார்கள்.

"போலீசும் கடவுள் வெச்ச அதிகாரம்தான். எதிர்க்க நீ யாருடா?"

"ஜனங்க ஓட்டுப் போட்ட பஞ்சாயத்து மெம்பர். உங்க ஜெனீவாக்காரர் சொன்ன சின்ன அதிகாரி நான்தாண்ணே!"

அப்பா ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தின நாள், யார் பங்குபெறலாம், யார் கூடாது என்று போதகர் வீடுவீடாகச் சொல்வது எங்கள் வழக்கம். அப்பா இருட்டியதும் சித்தப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்: "நாளைக்கு நீ கோயில் படி ஏறக் கூடாது. மனந்திரும்பற வரைக்கும் சபையில உனக்கு இடமில்ல."

சித்தப்பா ஒரு திருவிருந்தையும் தவறவிட்டவரில்லை. அவர் முகம் செத்துப்போனது. அப்பாவை வெறுத்தேன்.

மறுநாள் அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் வாசலில் ஜீப் நின்றது.

"உங்க தம்பி எங்கங்க? இன்னிக்குத் தப்பாம இங்க இருப்பார்னு மிராசுதார் சொன்னாரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவனைச் சபையை விட்டு நீக்கிட்டேன் சார். ஊருக்கே தெரியும்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜீப் திரும்பிப் போனது. போலீசிடம்கூடத் தம்பியைத் தள்ளிப் பேசுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு எல்லாருக்கும் அப்பமும் ரசமும் கொடுத்தார். தான் மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பாத்திரத்தைத் துணியால் மூடினார். துரோகிக்கு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன். மிராசுதார் வீட்டுக் காபியோடு போலீஸ் வரும் சேதியையும் கேட்டுவந்து தம்பியைத் தப்பவைத்தவர், அதிகாரத்தை எதிர்த்தவனுக்கு இடமில்லை என்ற தன் தீர்ப்பைத் தனக்கும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே புரிந்தது?